வைத்திருந்து குடிக்கும் பீர்: எது, எங்கே, எவ்வளவு காலம்?

1968இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரிலிருந்த எல்ட்ரிட்ஜ் போப் ஆலை, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி ஒரு பீரைக் காய்ச்சியது. ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். பெயர் 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்'. முறையாக வைத்திருந்தால் 25 ஆண்டு தாங்கும் என்றது ஆலை. 1990களின் இறுதியில் அந்த ஆலை இதைக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டது. பெயர் வேறு கைகளுக்குப் போனது. பழைய பாட்டில்களை வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பீர் என்றால் வாங்கிய கையோடு குளிரவைத்துக் குடித்துத் தீர்க்க வேண்டியது என்று பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். உலகில் காய்ச்சப்படும் பீரில் பெரும்பகுதிக்கு அந்தப் பழக்கம்தான் சரி. மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும் காலத்தைத் தாங்கும். அதை நம்பி வீட்டில் பாட்டில்களை அடுக்கிவைப்போர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. அவர்களிடையே இன்றும் தீராத வாதங்களும் உண்டு: எந்த பீரை வைக்கலாம், எந்தச் சூட்டில் வைக்கலாம், நிறுத்துவதா படுக்கவைப்பதா, எப்போது திறப்பது?

இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் ஒரு தவறான எண்ணம் கிடக்கிறது. காலம் பீரை உயர்த்தும் என்பது அது. காலம் பீரை மாற்றும், அவ்வளவுதான். மாறியது நன்றாக இருக்குமா என்பது பாட்டிலுக்குள் முதலில் என்ன இருந்தது, மாற்றம் எவ்வளவு மெதுவாக நடந்தது என்ற இரண்டையும் பொறுத்தது. முதலாவது ஆலையின் கையில் இருக்கிறது. வீட்டில் வைப்பவர் கையில் இருப்பது இரண்டாவது மட்டும்.

காத்திருப்பின் செலவு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய நிலக்கிழார் வீடுகள் தங்கள் பீரைத் தாங்களே காய்ச்சின. அறுவடை முடிந்து, வெயில் தணிந்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ புதிதாகக் கைக்கு வரும் அக்டோபரில் காய்ச்சிய அடர்ந்த ஏல் வகை பீர், பீப்பாயில் ஓராண்டோ ஈராண்டோ கிடந்த பிறகே மேசைக்கு வந்தது. வாரிசு பிறந்தால் ஒரு பீப்பாய் காய்ச்சி மூடிவைத்து, பிள்ளைக்கு 21 வயது ஆகும் நாளில் திறக்கும் வழக்கமும் இருந்தது. பர்ட்டன் நகரின் பாஸ் ஆலை, பங்காளிக் குடும்பமான ராட்கிளிஃப்களின் வீட்டில் பிள்ளை பிறந்ததற்காக 1869இல் காய்ச்சிய 'ராட்கிளிஃப் ஏல்' பாட்டில்கள் 2006இல் அந்த ஊரின் நிலவறை ஒன்றில் கிடைத்தபோது, குடிக்கக்கூடிய நிலையில் இருந்தவையும் அவற்றில் இருந்தன.

லண்டனில் இதே காத்திருப்பு தொழிலாகவே நடந்தது. போர்ட்டர் என்ற கறுத்த பீரை ஆலைகள் மாபெரும் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவிட்டன. 1814 அக்டோபர் 17 அன்று மியூக்ஸ் ஆலையின் தொட்டி ஒன்று வெடித்துத் தெருவில் பீர் வெள்ளமாகப் பாய்ந்தது. 8 பேர் இறந்தார்கள். அந்தத் தொட்டிகளின் அளவையும், அவற்றில் முடங்கிக் கிடந்த முதலீட்டையும் இந்த விபத்திலிருந்தே ஊகிக்கலாம்.

முதலீடு முடங்குவதுதான் இந்த வழக்கத்தை முடித்தும் வைத்தது. காய்ச்சிய சில வாரத்திலேயே விற்றுவிடும் பீர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வென்றது. 1880இல் பிரிட்டன் பீரின் அடர்த்திக்கு ஏற்ப வரி போடத் தொடங்கியது. முதல் உலகப் போர்க்காலத் தானியக் கட்டுப்பாடு அடர்த்தியை மேலும் குறைத்தது. அடர்ந்த பீர் செத்துவிடவில்லை. ஆனால் அது பழுக்கும்வரை காத்திருக்கும் செலவு ஆலையிடமிருந்து குடிப்பவர் தலைக்கு மாறியது. இன்று ஆலை புது பீரை விற்றுக் காசைப் பெற்றுக்கொள்கிறது. இடமும் குளிரும் பொறுமையும் வாங்கியவருடையவை. வீட்டில் வைப்பது பற்றிய பேச்சு இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. லண்டனின் கிழக்கே பௌ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்கு அக்டோபர் பீரைக் கடனுக்கு விற்றார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் ஆடி அசைந்து பீப்பாய்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் வந்தன. நிலவறையில் ஈராண்டு கிடந்து அடையும் பக்குவத்தைப் பயணத்திலேயே அடைந்துவிட்டன என்பது அன்றைய வியப்பு. இந்தியாவுக்கென்றே ஹாட்ஜ்சன் புது பீரைக் கண்டுபிடித்தார் என்ற கதையைப் பிரிட்டிஷ் பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த, வைத்துக் குடிக்கும் வகை பீர்தான் கப்பலேறியது. போர்ட்டரும் கூடவே வந்து சேர்ந்தது. இந்தப் பயணத்தைக் காட்டி, சூட்டில் வைத்தாலும் பீர் பழுக்கும் என்று இன்று சிலர் சொல்வதுண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எது தாங்கும்

பழைய அரிசிக்கு மதிப்புக் கூடும். பழைய பருப்பு வேகவே வேகாது. பீரிலும் இப்படித்தான், வைக்கலாமா என்பதை வகைதான் தீர்மானிக்கிறது. ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் முதல் விதி. ஆல்கஹால் நுண்ணுயிர்களை அடக்கும். அதனுடன் வரும் மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின் அடர்த்தி, மாற்றத்துக்கு வேண்டிய சரக்கைத் தரும். பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், ஓல்ட் ஏல், பெல்ஜியத் துறவியர் மடங்களின் கறுத்த ஏல்கள் ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. 11.3 சதவீத ரோஷ்ஃபோர் 10, 9 சதவீத ஷிமே நீலம், அமெரிக்காவின் சியரா நெவாடா ஆலை 1983 முதல் காய்ச்சும் பிக்ஃபுட், லண்டனின் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிட்ட வின்டேஜ் ஏல் ஆகியவை பலரும் அடுக்கிவைக்கும் பெயர்கள். லாகர் வகையிலும் விதிவிலக்கு உண்டு. ஆண்டுக்கொரு முறை டிசம்பர் 6 அன்று காய்ச்சப்படும் ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் 14 சதவீதம்; அதுவும் வைப்பதற்கு உரியதே.

ஆல்கஹால் மட்டும் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 9 சதவீத டபுள் ஐபிஏவை வைத்துப் பயனில்லை. அதன் உயிரே புது ஹாப்ஸின் வாசனை, அது சில மாதங்களில் போய்விடும். காபி சேர்த்த ஸ்டவுட்டில் காபி மணம் முதலில் மங்கும். கறுத்த மால்ட்டுக்கு வேறொரு வலு இருக்கிறது. வறுபட்ட நிறப்பொருள்கள் ஆக்சிஜனால் வரும் மாற்றத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். மீறி வரும் வாசனையைத் தம் வாசனைக்குள் மறைத்தும் விடும். வெளிர்நிற பீருக்கு அந்த மறைப்பு இல்லை.

ஆல்கஹால் குறைந்தும் தாங்குபவை நுண்ணுயிர்களின் துணையால் நிற்பவை. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதுள்ள, காட்டு நுண்ணுயிர்களால் புளிக்கும் லாம்பிக் பீர்களைக் கலந்து செய்யும் பிரசெல்ஸ் வட்டாரத்துக் கூஸ், 5 அல்லது 6 சதவீதம்தான். புளிப்பின் காவலில் பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஓர்வால் மடத்தின் பீர் 6.2 சதவீதம். பாட்டிலில் அடைக்கும்போது அதில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். புதிதில் ஹாப்ஸ் மணமும் கசப்புமாக இருக்கும் ஓர்வால், ஓராண்டில் வேறு ஆளாகிவிடும்: இனிப்பு முழுதும் தீர்ந்து, தோலும் வைக்கோலும் கலந்த மணம் ஏறும். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் ஹியெல்ட்டெ கிளவுசன் 1904இல் இந்த ஈஸ்டை அறிவித்தார். ஆங்கிலேயரின் நாட்பட்ட ஏல்களுக்கே உரிய சுவைக்குக் காரணம் தேடியபோது அவருக்குக் கிடைத்தது அது.

நுண்ணுயிர் வேண்டாத இடத்தில் புகுந்தால் ஆல்கஹாலாலும் காப்பாற்ற முடியாது. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 2015இல் வெளியிட்ட, போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறிய பீர்களில் சில, 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவால் புளித்துப்போயின. அடுத்த ஆண்டு வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் அந்த வரிசை பீர்களைச் சூடாக்கிக் கிருமி நீக்கியே பாட்டிலில் அடைத்தார்கள்.

பாட்டிலுக்குள் நடப்பது

மூடிய பாட்டிலுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கின்றன. கசப்பைத் தரும் ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் மெல்லச் சிதைகின்றன. கசப்பு தணிந்து மால்ட்டின் இனிப்பு முன்னே வருகிறது. புது பெல்ஜிய ஏலில் தூக்கலாக இருக்கும் வாழைப்பழ எஸ்டர் குறைகிறது. புதிதில் தொண்டையைச் சுடும் ஆல்கஹால் காரம் நாளடைவில் மற்றச் சுவைகளுக்குள் அடங்கிவிட்டதாக நாக்குக்குத் தோன்றும், அளவு குறைவதில்லை.

இவற்றின் நடுவே ஆக்சிஜன் இரண்டு முகத்தோடு வேலை செய்கிறது. பார்லி ஒயினில் அது ஷெர்ரி, உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பேரீச்சை ஆகியவற்றின் மணத்தைத் தரும். இதைத் தேடித்தான் பலர் பத்தாண்டு காத்திருக்கிறார்கள். அதே பீரில் நனைந்த அட்டையின் வாசனையையும் பழைய காகிதச் சுவையையும் ஏற்றுவதும் அதே ஆக்சிஜன்தான். அட்டை வாசனைக்கு முக்கியக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆக்சிஜன் குறைவாக, மெதுவாக நுழைந்த பாட்டிலில் முதல் கூட்டம் முந்தும். நிறைய நுழைந்திருந்தால் இரண்டாவது.

ஆகவே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பாட்டிலுக்கு முதல் சலுகை கிடைக்கிறது. அடைக்கும்போது உள்ளே நின்ற ஆக்சிஜனை ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈஸ்டுக்கும் வயது உண்டு. அது செத்துக் கரையும்போது சோயா சாஸும் இறைச்சிச் சாறும் கலந்த வாசனை வரும். இம்பீரியல் ஸ்டவுட்டில் இந்தச் சாயல் கொஞ்சம் இருந்தால் ஆழம். மிஞ்சினால் குடிக்க முடியாது.

சூடு

பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாளும், 22 டிகிரியில் 30 நாளும், 3 டிகிரியில் 300 நாளும் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு மூப்பைத் தரும். இது லேசான லாகரை மனத்தில் வைத்த தோராயக் கணக்கு. அடர்ந்த பீருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திசை சரி. இதே விகிதத்தில் பார்த்தால், 12 டிகிரி நிலவறையில் ஓராண்டில் நடப்பது 30 டிகிரி அறையில் சுமார் 3 வாரத்தில் நடந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ மின்விசிறி சுழலும் ஓர் அறையின் மே மாதத்தை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் சூட்டில் வைத்து ஓராண்டுப் பக்குவத்தை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். இயலாது. உள்ளே நடக்கும் வேலைகள் எல்லாம் சூட்டில் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் தாளம் கெட்டு, அட்டை வாசனை முந்திவிடும். ஹாட்ஜ்சனின் பீப்பாய்களை இதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவற்றில் ஈஸ்டும் பிரெட்டனோமைசிஸும் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தன. இருந்த இனிப்பைத் தின்றுகொண்டே வந்தன. இன்றைய வடிகட்டிய பாட்டிலில் அந்தக் காவலர்கள் இல்லை. அன்று வந்தவற்றில் எத்தனை பீப்பாய் வழியிலேயே புளித்தன என்பதையும் கப்பல் கதைகளைச் சொல்பவர்கள் எடுப்பதில்லை.

பலரும் ஒப்புக்கொள்ளும் வரம்பு 10 முதல் 13 டிகிரி. அதற்கும் கீழே, சாதாரண குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியில் வைத்தால் கெடுமா என்பது ஒரு பழைய வாதம். கெடாது, மாற்றம் மிக மெதுவாகும், குளிர்ந்த பீர் சற்றுக் கலங்கலாகும். பெட்டியின் கதவுப் பக்கம் மட்டும் வேண்டாம்; கதவு திறக்கும்போதெல்லாம் சூடும் வெளிச்சமும் அங்கேதான் முதலில் படும். 12 டிகிரியில் நிறுத்தக்கூடிய ஒயின் பெட்டி வாங்க முடிந்தவருக்கு அதுவே நிலவறை. சராசரியைப் போலவே ஏற்றத்தாழ்வும் பார்க்கவேண்டியது: பகலில் 28, இரவில் 18 என்று ஊசலாடும் அறையைவிட நிலையாக 16இல் நிற்கும் அறை மேல்.

வெளிச்சமும் மூடியும்

வெளிச்சம் செய்யும் கேடு சூட்டைவிட விரைவானது. பீரில் உள்ள ரிபோஃப்ளேவின் நீலநிறத்துக்கு அருகிலுள்ள ஒளியை வாங்கி ஐசோ ஆல்ஃபா அமிலங்களை உடைக்கும். கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உருவாகும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே நாற்றம் தெரியும். பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் பெரிய காவல் இல்லை; பழுப்பு நிறம் பரவாயில்லை. அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்தால் கண்ணாடியின் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை.

நிறுத்துவதா படுக்கவைப்பதா என்பதில் ஒயின்காரர் பழக்கம் குழப்பிவிட்டது. இரும்பு மூடி போட்ட பாட்டிலை நிறுத்தியே வைக்கவேண்டும்: காற்றைத் தொடும் பரப்பு குறையும், வண்டல் அடியில் படியும். தக்கை அடைத்த பாட்டில் நிற்கையில் தக்கை காய்ந்துவிடும் என்ற அச்சம் மிகை. பாட்டிலுக்குள்ளே மேலே நிற்கும் காற்றே ஈரம் நிறைந்தது. கூஸ் பாட்டில்களைப் படுக்கவைப்பது பெல்ஜிய மரபு. படுத்தபடியே கூடையில் எடுத்துச் சாய்த்து ஊற்றினால் வண்டல் கிளம்பாது. அந்தக் கூடையில்லாதவருக்கு நிறுத்துவதே நல்லது.

மூடியின் மேல் ஊற்றிய மெழுகு அழகு. நாளடைவில் விரிசல் விடும், அதை மட்டும் நம்ப முடியாது. வெளியிலிருந்து மெதுவாகக் கசியும் ஆக்சிஜனைவிட, அடைக்கும் நாளில் உள்ளே மாட்டிக்கொண்டதே பெரிய எதிரி. நல்ல ஆலைகள் அதை லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் கீழே வைக்க முயல்கின்றன. டின்னில் அடைத்த பீரை வைக்க முடியாது என்பதும் பழைய நம்பிக்கையே; டின்னுக்குள் வெளிச்சம் புகாது, அதன் மடிப்பு மூடியில் காற்றும் எளிதில் புகாது.

எப்போது திறப்பது

பேட்ரிக் டாசன் 2014இல் வெளியிட்ட 'வின்டேஜ் பீர்' போன்ற நூல்கள் வகைவாரியாகக் காலத்தைச் சொல்ல முயன்றிருக்கின்றன. பலரது அனுபவத்தையும் திரட்டினால் ஒரு தோராய அளவு கிடைக்கும்: நிலவறைச் சூட்டில் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 2 முதல் 5 ஆண்டு, பெல்ஜியக் கறுத்த ஏலுக்கு 3 முதல் 7, பார்லி ஒயினுக்கு 3 முதல் 10, கூஸுக்கு அதற்கும் மேலே. ஆனால் உச்சி எங்கே என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. ஷெர்ரி மணத்தை விரும்புகிறவர் காத்திருப்பார். கருகிய மால்ட்டின் வேகத்தை விரும்புகிறவர் முதல் ஆண்டிலேயே திறப்பார். இருவரும் சரி.

பத்தாண்டு, இருபதாண்டு என்று எண்ணிக்கையைக் கூட்டுவது வீண் பெருமை. 2010இல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளுக்கு அருகே, 1840களில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து பீர் பாட்டில்கள் எடுக்கப்பட்டன. கடலடியின் குளிரும் இருட்டும் எந்த நிலவறைக்கும் கிடைக்காதவை. அப்படியிருந்தும் உள்ளே பாக்டீரியா வேலை முடிந்திருந்தது, உப்புநீரும் கசிந்திருந்தது. ஆய்வாளர்களுக்கு அது செல்வம், குடிப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரியான வழி எளிது. ஒரே பீரில் நான்கைந்து பாட்டில் வாங்கி, முதலாவதை உடனே குடித்துக் குறிப்பெடுத்து, ஆண்டுக்கொன்றாகத் திறந்து பார்க்கலாம். முதல் பாட்டிலின் குறிப்பு இல்லாமல் ஐந்தாம் ஆண்டின் சுவையை ஒப்பிட ஒன்றுமிருக்காது. போன ஆண்டைவிட இந்த ஆண்டு குறைந்திருந்தால் மிச்சத்தை உடனே குடித்துவிட வேண்டும். இறங்கத் தொடங்கியது மீண்டும் ஏறாது. 11 சதவீத பீரின் 330 மில்லி பாட்டிலில் சுமார் 29 கிராம் ஆல்கஹால் இருப்பதால், அதை நாலு பேர் பகிர்ந்து குடிப்பது நல்லது.

நம் வெயிலில்

இந்தியாவில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். பெரும்பாலும் அரிசியோ சர்க்கரையோ சேர்த்து, வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கிய லாகர். அதில் காலத்துக்குத் தீனி ஏதுமில்லை. இறக்குமதியாகும் பெல்ஜிய பாட்டில்களைப் பொறுத்தவரை, கன்டெய்னரிலும் கிடங்கிலும் அவை எத்தனை கோடையைக் கண்டன என்பது தெரியாது. வாங்கும்போதே பாதி வயது போயிருக்கலாம். மாநிலந்தோறும் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய மதுவுக்கு வரம்பும் உண்டு. அடுக்கத் தொடங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் நாட்டில் அடர்ந்த பீருக்கு மரபே இல்லையென்று சொல்ல முடியாது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8 சதவீதத்துக்கு மேல் உள்ள கறுத்த பீர். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதன் ஆலை நீண்ட காலம் நுவரெலியாவின் மலைக்குளிரில் இருந்து, 1990களின் இறுதியில்தான் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கியது. நம் கைக்கு எட்டும் தூரத்தில், வைத்துப் பார்க்கத் தகுந்த பீர் அது. ஆனால் அதுவும் குளிரைக் கேட்கும்.

ஆகையால் இங்கே இருப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது எந்த பீர் வாங்குவது என்பதையல்ல. ஆண்டு முழுவதும் 15 டிகிரிக்குக் கீழே, இருட்டில், மின்வெட்டிலும் பெரிதாக ஏறாமல் வைக்க ஓர் இடம் வீட்டில் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் நாலு பாட்டிலோடு தொடங்கலாம். இல்லையென்றால் மூன்றாண்டு காத்திருப்பது பீரை வீணாக்குவது. வாங்கிய வாரத்திலேயே திறந்து, மிதமாகக் குளிரவைத்து, அகன்ற கிளாஸில் ஊற்றி மெதுவாகக் குடித்துவிடலாம். ரோஷ்ஃபோரும் லயன் ஸ்டவுட்டும் புதிதிலேயே நன்றாகத்தான் இருக்கின்றன.